என் கை பட்டால் நின்றுபோன கொம்பியூட்டர்

போன மாதம் ஹட்டனில் எங்கள் பழைய ஆபீஸில் ஒரு சின்னக் கூட்டம். இப்போது அங்கே வேலை பார்க்கிறவர்கள், ஓய்வுபெற்ற எங்களைக் கூப்பிட்டுத் தேநீரும் கேக்கும் கொடுத்தார்கள். பேச்சுவாக்கில் ஒரு பெண், தன் கொம்பியூட்டர் அடிக்கடி அசையாமல் நின்றுவிடுகிறது என்று குறைப்பட்டாள். பக்கத்தில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "அப்டேட் போடுங்க, சரியாயிரும்" என்றார். அவளும் எதையோ அழுத்திவிட்டுக் கேக் எடுக்கப் போய்விட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. அதே ஆபீஸில் எங்கள் முதல் கொம்பியூட்டருக்கு அந்த 'அப்டேட்' வந்துசேர ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் குற்றவாளிக் கூண்டில் நின்றது நான். இதைச் சொன்னதும், "அக்கா, இத எழுதிக் குடுங்களேன்" என்று பிடித்துக்கொண்டார்கள். எழுதச் சொன்னவர்கள் முழுசாகப் படிக்க வேண்டும், அவ்வளவுதான் என் நிபந்தனை.

நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். பெயர் பிலோமினா. அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா ஃபெக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலர் பார்த்தார். கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படித்து, ஹட்டனில் டைப்ரைட்டிங் பழகி, எண்பதுகளின் பின்பாதியில் இந்தப் பிராந்திய ஆபீஸில் ஆபரேட்டர் வேலைக்குத் தெரிவானேன். கொழும்பில் மூன்று வாரப் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே சொன்னதில் பாதி விளங்கவில்லை. ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இந்த மெஷின் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யும், அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே நாம் அடுத்ததைத் தட்டலாம் என்பதுதான் அது. பயிற்சி கொடுத்தவர் தன் பிள்ளை பாட்டுப் பாடுவதைச் சொல்வதுபோல அதைப் பெருமையாகச் சொன்னார்.

வேலை ஒரு வருடத்துக்குத் தற்காலிகம். வருடம் முடியும்போது ஆபீஸ் தலைவர் எழுதும் ரிப்போர்ட்டைப் பார்த்துக் கொழும்புத் தலைமை அலுவலகம் நிரந்தரமாக்கும், அல்லது வீட்டுக்கு அனுப்பும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மேசை முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கப் போன முதல் பெண் நான். வேலை போனால் அம்மாவுக்குப் பக்கத்தில் கொழுந்து நிரை பிடிக்கப் போக வேண்டியதுதான். அதில் ஒரு கேவலமும் இல்லை. ஆனால் என் படிப்புக்காகத் தன் காதுத் தோட்டைக் கழற்றிய அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் கொழுந்து எடுத்திருக்க முடியாது.

ஆபீஸ் தலைவர் சுப்பிரமணியம் ஐயா. இருபது வருடம் தோட்டத்து ஃபெக்டரிகளில் தேயிலை தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கராக இருந்துவிட்டு வந்தவர். சாம்பல் நிற ஸ்வெட்டர், காதில் பென்சில். குரலை உயர்த்த மாட்டார். அவர் மெதுவாகப் பேசப் பேச நமக்குப் பயம் கூடும். ஃபெக்டரியில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு குறிப்புக் கொப்பி வைத்திருந்த பழக்கத்தில் கொம்பியூட்டருக்கும் ஒரு கொப்பி போட்டார். அவரே அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்தார். தேதி, நின்ற நேரம், ஓட்டியவர் யார், எவ்வளவு நேரம் வேலை கெட்டது என்று நான்கு கட்டம். டிரையரில் தேயிலை கருகினால் அன்றைக்கு டிரையரில் நின்றது யார் என்றுதான் முதலில் கேட்பார்கள். அவருக்குத் தெரிந்த வழி அது.

ஆபரேட்டர்கள் இரண்டு பேர். காலையில் நான், மத்தியானத்துக்குமேல் சந்திரா. சந்திரா கொட்டகலைப் பக்கத்துச் சிங்களப் பெண், என்னைவிட ஐந்து வயது மூத்தவள், முன்பு ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தவள். காலையில் பதினான்கு தோட்டத்து ஃபெக்டரிகளிலிருந்தும் டெலிபோன் வரும். முந்தின நாள் வந்த பச்சைக் கொழுந்து எத்தனை கிலோ, முடிந்த தேயிலை எத்தனை கிலோ, எந்த மலையில் எடுத்தது என்று சொல்வார்கள். நான் தட்டி ஏற்றுவேன். பதினொரு மணிக்கு எல்லாத் தோட்டத்து அறிக்கையும் அச்சடிக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு ஐயா அதைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போனில் படிப்பார்.

ஒருநாள் அச்சு பாதி வரியில் நின்றது. திரையில் எழுத்து விழும் இடத்தைக் காட்டி மினுக்கிக்கொண்டிருந்த பச்சைக் கட்டை அப்படியே நின்றது. கீபோர்டில் எந்த எழுத்தைத் தட்டினாலும் திரையில் அசைவில்லை. மெஷினுக்குள்ளே விசிறி மட்டும் ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது. அணைத்துப் போட்டால் தன் டிஸ்க்கைத் தானே சரிபார்க்க முக்கால் மணி நேரம் எடுத்தது. கடைசியாக ஏற்றியதெல்லாம் போயிருந்தது. திரும்பவும் ஃபெக்டரிகளுக்குப் போன் பண்ணினேன். "காலையில சொன்னதத் தானே தங்கச்சி திரும்பக் கேக்குறீங்க, காதுல விழலயா?" என்று ஏச்சு வாங்கினேன். ஐயா கொப்பியைத் திறந்து, 'யார்' என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினார்.

வாரத்துக்கு ஒரு தடவை, சில வாரம் மூன்று தடவை அது நின்றது. எப்போதும் என் கையில்தான். சந்திராவின் கையில் ஒரு தடவைகூட இல்லை.

காரணம் கண்டுபிடிக்க ஆளாளுக்குக் கிளம்பினார்கள். பக்கத்து ஃபெக்டரியில் ரோலர் ஓடத் தொடங்கினால் மின்சாரம் தாழ்கிறது என்றார்கள். அதற்கு ஸ்டெபிலைசர் வாங்கிப் போட்டார்கள். பனிமூட்டம் உள்ளே வருகிறது என்று ஜன்னலை அடைத்தார்கள். தேயிலைத் தூள் என்று துணியால் மூடினார்கள். மெஷின் விற்ற கம்பெனியிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து வயரையெல்லாம் கழற்றி மாட்டிவிட்டு, பால் ஊற்றாத பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார்கள். அதில் ஒருவர், நைலோன் சேலையில் மின்சாரம் ஏறும் என்று சொல்லிவைத்துவிட்டார். மறுநாளிலிருந்து ஹட்டன் குளிரில் நான் பருத்திச் சேலை. சந்திரா தினமும் நைலோன்தான் கட்டினாள், அதை யாரும் கேட்கவில்லை. பியோன் மேசைக்காலில் எலுமிச்சம்பழம் கட்டினார். நான் அந்தோனியார் படம் வைத்தேன். சந்திரா பௌத்த விகாரையில் ஓதிக் கொடுத்த பிரித் நூல் கொண்டுவந்து கட்டினாள். மும்மதமும் சேர்ந்து காவல் நின்றும் மெஷின் நின்றது.

கடைசியில் பேச்சு என் கைக்கு வந்தது. சிலருக்குக் கைராசி இல்லை என்று கிளாக்கர்மார் என் காதுபடவே பேசினார்கள். ஐயா அப்படிப் பேசும் ஆள் இல்லை. ஒருநாள் கூப்பிட்டுக் கொப்பியை என் பக்கம் திருப்பி வைத்தார். பக்கம் முழுக்க என் பெயர்.

"நான் ஒண்ணும் சொல்லலமா. கொப்பி சொல்லுது. இந்த மாசக் கடைசியில ஒன்னோட ரிப்போர்ட் எழுதணும். நான் என்ன எழுத?"

"நான் ஒண்ணுமே தப்பாச் செய்யலீங்கய்யா."

"அப்ப எது செய்யுது?"

கொப்பியை அவர் பக்கமே திருப்பி வைத்தேன். கக்கூஸுக்குள் போய் அழுதேன்.

பதில் ஒரு ரிப்பன் வழியாக வந்தது. அச்சு மெஷினின் மை ரிப்பன் அறுந்துபோய், கொழும்பிலிருந்து புதிது வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அதுவரை அறிக்கையை நான் திரையைப் பார்த்துக் கையால் எழுதிக் கொடுத்தேன். அந்த வாரம் முழுக்க மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. ரிப்பன் வந்தது. மாட்டிய அன்றே நின்றது.

நான் கொப்பியைக் கேட்டு வாங்கினேன். ஏழு மாதமாக எல்லோரும் 'யார்' கட்டத்தையே பார்த்தோம். அதற்கு முந்தின கட்டத்தை அன்றைக்குத்தான் வாசித்தேன். பதினொன்று ஐந்து. பதினொன்று இருபது. பதினொன்று பத்து. எல்லாம் அச்சு ஓடும் நேரம். ஐயா கைப்பட எழுதியது, தேயிலைப் பெட்டியில் குத்திய எண் மாதிரித் தெளிவாக இருந்தது.

ஆனால் மத்தியானத்தில் சந்திராவும்தானே தன் பங்குத் தாள்களை அச்சடிக்கிறாள்? அவள் என்ன செய்கிறாள் என்று அன்றைக்குக் கூட இருந்து பார்த்தேன். கட்டளையைக் கொடுத்தாள், எழுந்தாள், பிளேன்டீ எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றாள். அச்சு முடிந்த பிறகுதான் வந்து உட்கார்ந்தாள். நானோ அச்சு ஓட ஓட அடுத்த நாள் தாளுக்கான தலைப்புகளைத் தட்டிக்கொண்டிருப்பேன். என் வளர்ப்பு அப்படி. நிரையில் கை சும்மா இருந்தால் கங்காணி சத்தம் போடுவார், எங்கள் வீட்டில் சும்மா உட்காருவதைப் பார்த்ததே கிடையாது. ஐயாவின் அறைக்கதவு எனக்கு நேரே திறந்திருக்கும். அவர் கண்முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார எனக்குக் கூச்சம். மெஷின் இரண்டு வேலையும் செய்யும் என்று கொழும்பில் சொன்னார்களே, பிறகென்ன?

ஓடிப்போய் ஐயாவிடம் சொன்னேன். அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். "அச்சைப் போடு. நானே ஒக்காந்து பாக்குறேன்" என்றார்.

அச்சு ஓடியது. ஐயா உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால், ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி, குத்திக் குத்தித் தட்டினார். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையில் ஒரு பிளேன்டீ குடிக்கலாம். பதினான்கு தோட்டமும் அச்சாகி முடிந்தது. மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"பாத்தியாமா" என்றார். கோபமே இல்லை, அதுதான் என்னை அடித்துப் போட்டது. அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது வாசலில் நிறுத்திச் சொன்னார். "ரிப்போர்ட் எழுத வேண்டியத எழுதிட்டேன். மனசுல வச்சுக்காத."

பஸ்ஸில் மஸ்கெலியாவரை நின்றுகொண்டே போனேன். வீட்டில் சொல்லவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அம்மா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மூன்றாம் நாள்தான், ஐயா ஒற்றை விரலால் மெதுவாகத் தட்டியதால் மெஷின் நிற்கவில்லையோ என்று தோன்றி, சந்திராவிடம் கேட்டேன். அவளும் என்னைப்போல வேகமாகத் தட்டுகிறவள். அச்சு ஓடும்போது ஒரு தடவை உட்கார்ந்து தட்டு, நின்றால் ஐயா பார்க்கட்டும் என்றேன். அவள் முகம் மாறியது. நின்றால் அவள் பெயரும் கொப்பியில் ஏறும். அவள் வேலையும் தற்காலிகம்தான், வீட்டில் கைக்குழந்தை வேறு.

"பயந்தான் பிலோ. எனக்கும் வேலை வேணுந்தானே" என்றாள் தன் தமிழில். பிறகு தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஆனா செய்வம். ஐயாவைக் கூப்பிடு."

ஐயா வந்து பின்னால் நின்றார். அச்சு ஓடியது. சந்திரா வக்கீல் ஆபீஸில் பழகிய வேகத்தில் தட்டினாள். ஒரு தாள், இரண்டு தாள். மூன்றாவது தாள் பாதியில் அச்சுத் தலை நின்றது. பச்சைக் கட்டை நின்றது.

"அனே தெய்யனே!" என்று சிங்களத்தில் கடவுளைக் கூப்பிட்டபடி கையை உதறிக்கொண்டு எழுந்தாள் சந்திரா.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவள் கண்ணில் தண்ணீர் நிற்கிறது, நான் சிரிக்கிறேன். இன்றைக்கும் அதற்காக வெட்கப்படுகிறேன், ஆனால் அந்த நொடியில் என் நெஞ்சிலிருந்து இறங்கிய பாரம் எனக்குத்தான் தெரியும். ஐயா கொப்பியைத் திறந்தார். நேரத்தை எழுதினார். 'யார்' கட்டத்துக்கு வந்ததும் பென்சில் நின்றது. எங்கள் இருவரையும் பார்த்தார், அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் போனை எடுத்தார்.

இந்தத் தடவை கம்பெனியில் பேசியவர் ரிஸ்வான் என்ற புது டெக்னீஷியன். ஐயா போனை என்னிடம் கொடுத்தார். ரிஸ்வான் வயரைப் பற்றியோ சேலையைப் பற்றியோ கேட்கவில்லை. மெஷினைப் போட்டதும் முதல் வரியில் வரும் எண்ணை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"அப்ப உங்கட கையில பிழை இல்ல மிஸ். கெர்னல் பழசு" என்றார்.

எனக்கு விளங்கும்படி சொன்னார். மெஷினுக்குள்ளே எல்லா வேலைக்கும் நடுவே ஒரு புரோகிராம் இருக்கிறது, அதுதான் கெர்னல். அச்சு மெஷின் அடுத்த வரி கேட்டாலும், கீபோர்ட் ஒரு எழுத்தைக் கொண்டுவந்தாலும் அதனிடம்தான் வர வேண்டும். இந்தப் பழைய கெர்னலில் ஒரு குறை. இரண்டும் சரியாக ஒரே கணத்தில் கூப்பிட்டால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதற்காகக் காத்திருக்கும், அதையும் விடாது, இதையும் விடாது. மெதுவாகத் தட்டினால் அந்தக் கணம் வாய்ப்பதே அரிது. வேகமாகத் தட்டுகிறவர் கையில் என்றைக்காவது வாய்த்தே தீரும். புதுக் கெர்னலில் சரிசெய்திருக்கிறார்கள், ஆபீஸ் மூடியிருக்கும் ஒரு நாளில் வந்து போட்டுத் தருகிறேன் என்றார்.

அடுத்த போயா நாளில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், காலை ரயிலில் வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும், மழையில் நனைந்திருந்தார், ஃபுளொப்பிகள் இருந்த பையை மட்டும் சட்டைக்குள் வைத்திருந்தார். ஐயா ஸ்வெட்டரோடு வந்தார். சந்திரா விகாரைக்குப் போகும் வெள்ளைச் சேலையோடு அப்படியே வந்தாள்.

முதலில் டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் ஃபுளொப்பியில் பிரதி எடுத்தோம். இருபத்திரண்டு ஃபுளொப்பி. ஒவ்வொன்றிலும் நான் எண் எழுதி ஒட்ட, சந்திரா ஐயாவுக்கு வாசித்தாள், ஐயா கொப்பியில் குறித்தார். பிறகு ரிஸ்வான் பழைய கெர்னலை அழிக்காமல், வேறு பெயரில் அதே டிஸ்க்கில் ஓரமாக வைத்தார்.

"அத ஏன் வச்சிருக்கீங்க தம்பி?" என்றார் ஐயா.

"புதுசு ஏறாட்டி பழசக் கூப்பிடத்தான் சேர்."

ஐயா தலையாட்டினார். ரிஸ்வான்மேல் அவருக்கு மரியாதை வந்தது அந்தப் பதிலில்தான் என்று நினைக்கிறேன். ஃபெக்டரியில் புது பெல்ட் மாட்டும்போது பழையதைத் தூக்கி எறியாதவர் அவர்.

புதுக் கெர்னலை ஏற்றி, அணைத்துப் போட்டார் ரிஸ்வான். திரையில் நான்கு வரி வந்தது, ஐந்தாவது வரவில்லை. ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தோம். வாராவாரம் நின்ற மெஷின் இனி எழும்பவே எழும்பாதோ, அதற்கும் நான்தான் காரணமோ என்று அந்தோனியாரைக் கூப்பிட்டேன். ரிஸ்வான் பதறவில்லை. மறுபடி அணைத்துப் போட்டு, பழைய கெர்னலின் பெயரைத் தட்டினார். மெஷின் எழும்பியது. ஃபுளொப்பியை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். ஈரம் ஏறியிருந்தது.

"இன்னொரு செட் ஈக்கு" என்று, கால்சட்டைப் பையிலிருந்து பொலித்தீனில் சுற்றிய வேறொன்றை எடுத்தார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

இரண்டாம் தடவை எல்லா வரியும் வந்தது. முதல் வரியில் புது எண்.

"மிஸ் ஒக்காருங்க. எவ்ளவு வேகமா ஏலுமோ அவ்ளவு வேகமா தட்டுங்க."

அச்சைப் போட்டுவிட்டுத் தட்டினேன். ஏழு மாதக் கோபத்தையும் சேர்த்துத் தட்டினேன். ஐயா அச்சு மெஷின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார், ரோலர் சூட்டைப் பார்க்கிறவர்போல. பதினான்கு தோட்டமும் முடிந்தது. ரிஸ்வான் திரும்பப் போடச் சொன்னார். அதுவும் முடிந்தது. பிறகு சந்திரா தட்டினாள். மத்தியானம் இரண்டு மணிவரை கட்டுக்கட்டாகத் தாள் வீணாக்கினோம். மெஷின் நிற்கவே இல்லை.

சந்திரா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஐயா மட்டும் தன் அறைக்குள் போய் உட்கார்ந்திருந்தார். தேநீர் கொண்டுபோனேன்.

"ரிப்போர்ட்ட அன்னிக்கே தபால்ல போட்டுட்டேன்மா. இந்நேரம் கொழும்புல இருக்கும். திங்கக்கிழம அவங்க முடிவெடுக்குறாங்க."

"போன்ல சொல்ல ஏலாதாங்கய்யா?"

"கையெழுத்துப் போட்டு அனுப்புனத போன்ல மாத்திச் சொன்னா எவன் நம்புவான்? எழுதுன ஆளு போகணும்." தேநீர்க் கோப்பையை ஓரமாகத் தள்ளி வைத்தார். "நான் போறேன்."

அது எப்பேர்ப்பட்ட வார்த்தை என்று ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். எண்பத்துமூன்று ஜூலையில் தமிழர்களுக்கு எதிரான கலவரம் நடந்தபோது ஐயா கொழும்பில் மகள் வீட்டில் இருந்தார். வீடு எரிந்தது. மூன்று நாள் ஒரு சிங்களக் குடும்பத்தின் குளியலறைக்குள் இருந்து உயிர்தப்பி வந்தவர். அதற்குப் பிறகு அவர் கொழும்புப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. எந்தக் கூட்டத்துக்கும் வேறு ஆளைத்தான் அனுப்புவார். போனில் கொழும்புக்கு அறிக்கை படிப்பதோடு சரி.

திங்கட்கிழமை ஐயாவின் நாற்காலி காலியாக இருந்தது. அன்று நான் தட்டிய எண்களில் எத்தனை பிழை என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். போன் மணி அடித்தபோதெல்லாம் சந்திராதான் எடுத்தாள், எனக்குக் கை வரவில்லை.

செவ்வாய் காலை வந்தார். அதே ஸ்வெட்டர். என் மேசையில் ஒரு உறையை வைத்தார். தலைமை அலுவலகத்து முத்திரை குத்திப் பிரித்திருந்த உறை, உள்ளே அவர் அனுப்பிய ரிப்போர்ட்.

"திரும்ப வாங்கிட்டேன். வேற எழுதிக் குடுத்தேன். நீ நிரந்தரம். இத நீயே கிழி."

கிழிக்குமுன் வாசித்தேன். மெஷின் இவர் கையில் அடிக்கடி நிற்கிறது, ஆகவே நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்ய முடியவில்லை என்று எழுதியிருந்தார். அதற்கு மேலே, மனச்சாட்சிக்காகவோ என்னவோ, என்னைப் பற்றி ஒரே ஒரு நல்ல வரியும் இருந்தது. 'இவர் வேலை நேரத்தில் ஒரு நிமிடமும் சும்மா இருப்பதில்லை.'

அந்த வரியைக் காட்டினேன். ஐயா வாசித்தார். முதல் தடவையாக அவர் சத்தமாகச் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"கொழும்பு எப்படிங்கய்யா இருந்துச்சு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, வாய் முந்திக்கொண்டது.

"நான் எங்கமா பாத்தேன்" என்றார். "ஸ்டேஷன்லருந்து ஆபீசு, ஆபீசுலருந்து ஸ்டேஷன். கீழயே பாத்துக்கிட்டு நடந்தேன். வரும்போது ரயில் ஹட்டனுக்கு ஏறுனப்பதான் தலைய நிமுத்துனேன்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் அதைப் பார்க்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "மணி பதினொண்ணாகுது, அச்சப் போடு" என்றார்.